"பழைய கோப்பும் போய்விடுமா?": ஒரு செயலிக்குத் தமிழில் கையேடு எழுதிய அனுபவம்

நான் எழுதிய கையேட்டைக் கையில் வாங்கிய அந்த அம்மா ஒரு பக்கத்தையும் புரட்டவில்லை. நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, இதில் நான் தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால் பழைய கோப்பும் போய்விடுமா?"

பதில் கையேட்டில் இருந்தது, 41-ஆம் பக்கத்தில். மொத்தம் 64 பக்கங்கள். முப்பது ஆண்டுகளாக நூலட்டைகளைக் கையால் எழுதி அடுக்கிய ஒருவர், கணினியில் கைவைக்கும் முன் அறிய விரும்பிய ஒரே செய்தியை நான் 41-ஆம் பக்கத்தில் வைத்திருந்தேன். கையேட்டை முதலிலிருந்து எழுத வேண்டும் என்று அன்று மாலையே முடிவு செய்தேன்.

மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில் பயனர் கையேடு எழுதுவது என் தொழில். ஒரு தனியார் ஆய்வு நூலகம் தங்கள் நூற்பட்டியலைச் சீர்செய்ய உதவி கேட்டது. 41,206 வரிகள். பதினைந்து ஆண்டுகளில் பலர் தட்டச்சு செய்தவை. ஒரே ஆசிரியர் ஏழு விதமாக எழுதப்பட்டிருந்தார். பதிப்பாண்டு இருக்க வேண்டிய இடத்தில் விலை இருந்தது. பெயருக்கு முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகள். இதற்கு ஓப்பன்ரீஃபைன் என்ற செயலியைப் பயன்படுத்துவது என்று முடிவானது. இலவசம், திறந்த மூலம், நூலகர்களும் தரவு இதழாளர்களும் உலகெங்கும் நம்பிப் பயன்படுத்துவது. அதை ஊழியர்கள் தாங்களே இயக்கும்படி தமிழில் ஒரு கையேடு எழுதித் தருவது என் பொறுப்பு.

இந்தச் செயலிக்கு ஒரு பெயர்க் கதை உண்டு. 2010-இல் மெட்டாவெப் என்ற நிறுவனத்தில் 'ஃப்ரீபேஸ் கிரிட்வொர்க்ஸ்' என்று பிறந்தது. அதே ஆண்டு கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியதும் 'கூகுள் ரீஃபைன்' ஆனது. 2012-இல் கூகுள் விலகிக்கொள்ள, தன்னார்வலர்கள் கையில் 'ஓப்பன்ரீஃபைன்' ஆனது. வரலாறு கையேட்டுக்குத் தேவையில்லை என்று முதலில் விட்டுவிட்டேன். ஓர் இளம் ஊழியர் இணையத்தில் பழைய பெயரில் ஒரு விளக்கத்தைக் கண்டு, இது வேறு செயலியோ என்று அரை நாள் குழம்பிய பிறகுதான் இரண்டு வரி சேர்த்தேன். ஒரு செய்தியின் தேவையை அதன் சுவையைக் கொண்டு அளக்கக் கூடாது, அது தெரியாமல் ஒருவர் எங்கே நின்றுவிடுகிறார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது.

முதல் கையேட்டில் நான் செய்த பெரிய தவறு, செயலியின் பட்டியலையே நூலின் பொருளடக்கமாக எடுத்துக்கொண்டது. திரையில் எந்த வரிசையில் பொத்தான்கள் இருக்கின்றனவோ அதே வரிசையில் அத்தியாயங்கள். எழுதுபவருக்கு இது வசதி. எதுவும் விடுபடாது. எழுதி முடித்தபோது நிறைவாகவும் இருந்தது. ஆனால் "இன்றைக்குக் கலத் திருத்தம் என்ற பட்டியலைப் பயன்படுத்தலாம்" என்று நினைத்துக்கொண்டு யாரும் நூலகத்துக்கு வருவதில்லை. "இந்த ஆசிரியர் பெயரெல்லாம் ஒன்றாக வேண்டும்" என்று நினைத்துத்தான் வருகிறார்கள்.

இரண்டாம் முறை எழுதும் முன் மூன்று நாட்கள் அவர்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வாய் திறப்பதில்லை என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கடைப்பிடிக்க மிகவும் கடினமான விதி அது. ஒருவர் தவறான பொத்தானை நோக்கிச் சுட்டியை நகர்த்தும்போது நாக்கு துடிக்கும். ஆனால் சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்த இடத்தில் கையேடு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது தெரியாமலேயே போய்விடும். அவர்கள் தயங்கிய இடங்களை நேரத்தோடு குறித்துக்கொண்டேன். புதிய பொருளடக்கம் அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் வந்தது.

முதல் பக்கத்தில் நான்கு கேள்விகள் மட்டும் வைத்தேன். பழைய கோப்பு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. ஓப்பன்ரீஃபைன் உங்கள் கோப்பைப் படித்து, தன்னிடம் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதியில்தான் வேலை செய்கிறது. இணையம் வேண்டுமா? இந்த வேலைக்கு வேண்டாம். இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் உண்டு. செயலி உங்கள் கணினியிலேயே ஓடினாலும் அதன் முகம் தெரிவது இணைய உலாவியில். மேலே 127.0.0.1:3333 என்று ஒரு முகவரி தெரிகிறது. பார்ப்பவர் நம் பட்டியல் எங்கோ வெளியூர்க் கணினிக்குப் போகிறது என்றுதான் நினைப்பார். அந்த எண் இதே கணினியைக் குறிப்பது என்று எழுதினேன். சேமிக்கும் பொத்தான் எங்கே? கிடையாது. வழக்கமான அமைப்பில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே சேமித்துக்கொள்ளும். கூடவே திறக்கும் அந்தக் கறுப்புச் சாளரம் என்ன? அதுதான் செயலியின் உயிர். உலாவியை மூடினாலும் செயலி ஓடிக்கொண்டிருக்கும். கறுப்புச் சாளரத்தைச் சட்டென்று மூடினால் கடைசியாகச் செய்த சில மாற்றங்கள் சேமிக்கப்படாமல் போகலாம். வேலை முடிந்ததும் உலாவியை மூடிவிட்டு, கறுப்புச் சாளரத்தில் கன்ட்ரோல் விசையோடு சி விசையை அழுத்தி, அது சேமித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்த நான்கு பதில்களுக்குப் பிறகு அந்த அம்மாவின் கை தயங்கவில்லை. பயம் இருக்கும்வரை ஒருவரால் படிகளைப் பின்பற்ற முடியாது. ஒவ்வொரு படியிலும் "இது திரும்ப வருமா" என்ற எண்ணமே ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்து சொற்கள். இதில் நான் எதிர்பார்த்ததைவிட அதிக நாள் செலவானது. ஆங்கிலத்தில் எழுதும்போது அட்டவணையில் கிடையாகப் போவதை ரோ, நெடுக்காகப் போவதைக் காலம் என்று இயல்பாக எழுதிவிட்டுப் போவேன். தமிழில் 'காலம்' என்று எழுதினால் என்ன ஆகும்? "தேவையற்ற காலத்தை நீக்கவும்" என்று ஒரு படியை எழுதிவிட்டு நானே திகைத்துப்போனேன். பள்ளிக் கணக்கில் அணிகளுக்குச் சொல்லித் தரும் நிரை, நிரல் என்ற சொற்கள் அழகானவை. ஆனால் எது கிடை, எது நெடு என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூவரும் யோசித்தார்கள். வரிசை, நெடுவரிசை என்றால் ஒன்று மற்றொன்றுக்குள் ஒளிந்துகொள்கிறது. அவசரமாகப் படிப்பவர் கண்ணில் 'நெடு' விழாது.

விடை அவர்களுடைய மேசை மீதே இருந்தது. நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டை அந்த அம்மா விரித்து, "ஏழாம் கலத்தில் விலை எழுத வேண்டும்" என்று புதிய ஊழியருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கலம்! அரசுப் படிவங்களில் நாம் எல்லோரும் பார்த்த சொல். கிடையாகப் போவது வரி, நெடுக்காகப் போவது கலம், இரண்டும் சந்திக்கும் இடம் கட்டம் என்று மூன்று சொற்களை முடிவு செய்து முதல் பக்கத்திலேயே ஒரு படத்தில் அம்புக்குறியிட்டுக் காட்டினேன். பிறகு 'கலம்' என்று சொன்ன இடத்தில் எங்கும் 'பத்தி' என்றோ 'நெடுவரிசை' என்றோ மாற்றி எழுதவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவது கட்டுரையில் குறையாக இருக்கலாம். கையேட்டில் சொல் மாறினால் பொருளும் மாறிவிட்டதோ என்று படிப்பவர் ஐயப்படுவார்.

ஆனால் திரையில் ஆங்கிலத்தில் தெரியும் பொத்தான்களின் பெயரை மொழிபெயர்க்கவில்லை. முதல் வரைவில் மொழிபெயர்த்திருந்தேன். ஊழியர் தமிழ்ப் பெயரைப் படித்துவிட்டுத் திரையில் தேடினார், அப்படி எதுவும் அங்கே இல்லை. பொத்தானில் எது எழுதியிருக்கிறதோ அதையே தடித்த எழுத்தில் கொடுத்து, அது செய்யும் வேலையைத் தமிழில் சொல்வதுதான் சரி. 'ஃபேசட்' என்பது இந்தச் செயலியின் அடிப்படைச் சொல். பட்டை தீட்டிய கல்லின் ஒரு முகத்தைக் குறிப்பது. அதற்கு நான் தேடிக்கொண்டிருந்த தமிழை அந்த அம்மா போகிற போக்கில் சொன்னார்: "பிரித்துப் பார்ப்பது." கையேட்டில் அப்படியே வைத்துக்கொண்டேன்.

இனிச் சொல்லப்போவது, என் முதல் கையேட்டால் நடந்த ஒரு தவறு.

ஃபேசட் போட்டால் ஒரு கலத்தில் உள்ள வெவ்வேறு மதிப்புகளெல்லாம் இடப்பக்கம் எண்ணிக்கையோடு வரும். ஒன்றைச் சொடுக்கினால் அந்த மதிப்பு உள்ள வரிகள் மட்டும் திரையில் நிற்கும். இளம் ஊழியர் மொழிக் கலத்தைப் பிரித்துப் பார்த்து, தெலுங்கு நூல்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்தினார். 312 வரிகள். திருத்தி முடித்ததும் என் கையேடு சொன்னபடியே ஏற்றுமதி செய்தார், அதாவது திருத்தியதைச் செயலியிலிருந்து தனிக் கோப்பாக வெளியே எடுத்தார். கிடைத்த கோப்பைத் தேடல் கணினிக்குப் பொறுப்பானவரிடம் தந்தார். அவர் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினார். மறுநாள் காலை வாசகர் ஒருவர் வந்து தமிழ் நூல் ஒன்றைத் தேடியபோது ஒன்றுமே வரவில்லை. நாற்பத்தோராயிரம் நூல்களின் இடத்தில் 312 தெலுங்கு நூல்கள் மட்டும் இருந்தன.

காரணம் எளியது. ஃபேசட் போட்டிருக்கும்போது ஏற்றுமதி செய்தால், அப்போது பொருந்தி நிற்கும் வரிகள் மட்டுமே கோப்பில் போகும். செயலியைப் பொறுத்தவரை அது பிழையே இல்லை, பல நேரங்களில் அதுதான் வேண்டியிருக்கும். முழுத் தரவும் செயலிக்குள் பத்திரமாக இருந்தது. ஃபேசட்டை நீக்கி மறுபடி ஏற்றுமதி செய்ய பத்து நிமிடம் ஆனது. ஆனால் அந்த இளைஞர் தன் வேலை போய்விடும் என்று நினைத்து அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

"சார், நீங்கள் எழுதியதைத்தான் செய்தேன்" என்றார். உண்மை. ஃபேசட் பற்றிய அத்தியாயத்தில் ஒரு வரிகூடத் தவறில்லை. ஏற்றுமதி அத்தியாயத்திலும் தவறில்லை. இரண்டும் வேறு வேறு பட்டியலில் இருப்பதால் வேறு வேறு அத்தியாயமாக எழுதியிருந்தேன். ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருந்தது. தரவைத் திருத்தும் எந்தச் செயலியிலும் பெரும்பாலான இழப்புகள் இப்படி இரண்டு வசதிகள் சந்திக்கும் இடத்தில்தான் நேர்கின்றன என்று இப்போது நம்புகிறேன். ஒவ்வொரு வசதியையும் தனித்தனியே விளக்கும் கையேடு அந்தச் சந்திப்பைக் காட்டவே காட்டாது. ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதினால்தான் அது கண்ணில் படும்.

புதிய கையேட்டில் ஏற்றுமதிக்கு முந்தைய படி இப்படி இருக்கிறது: "அட்டவணைக்கு மேலே பாருங்கள். பொருந்தும் வரிகள் இத்தனை, மொத்தம் இத்தனை என்று இரண்டு எண்கள் தெரிந்தால் நிறுத்துங்கள். இடப்பக்கம் உள்ள 'ரிமூவ் ஆல்' பொத்தானை அழுத்துங்கள். ஒரே எண், 41,206, தெரிந்த பிறகு அடுத்த படிக்குப் போங்கள்." எச்சரிக்கையைப் படிக்கு முன்னால் வைத்தேன். முன்பெல்லாம் படியை எழுதி, அதன் கீழே ஒரு பெட்டியில் 'குறிப்பு' என்று போடுவேன். கையேட்டைப் பார்த்து வேலை செய்பவர் ஒரு வரியைப் படித்ததும் செய்துவிடுவார். பெட்டிக்கு வரும்போது காரியம் முடிந்திருக்கும்.

இதற்கு நேர் எதிரான குழப்பமும் உண்டு. தொடக்கத்தில் திரையில் பத்து வரிகள்தான் தெரியும். ஒரு கலத்தின் மீது மாற்றம் செய்தால் கண்ணில் தெரியும் பத்தில் மட்டும் நடக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பொருந்தும் அத்தனை வரிகளிலும் நடக்கும். மாற்றம் முடிந்ததும் எத்தனை கட்டங்கள் மாறின என்று மேலே ஒரு சிறு செய்தி வந்து மறையும். அந்த எண்ணைக் கவனிக்கும் பழக்கத்தைக் கையேடு முழுவதும் வற்புறுத்தினேன். ஒவ்வொரு படியின் முடிவிலும் "இப்போது இது தெரிய வேண்டும்" என்று ஒரு வரி. எதிர்பார்த்தது 118, வந்தது 11,800 என்றால் அங்கேயே நிற்கலாம்.

பெயர்களை ஒன்றுசேர்க்கும் பகுதியை எழுதத்தான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 'கிளஸ்டர்' என்ற வசதி ஒரே பெயராக இருக்கக்கூடியவற்றைத் தொகுத்துக் காட்டும். எப்படித் தொகுக்கிறது என்று சொல்லாமல் விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தேன், பயனருக்கு உள்வேலை எதற்கு என்று. அது தவறான எண்ணம். 'உ. வே. சாமிநாதையர்' என்பதையும் 'சாமிநாதையர், உ. வே.' என்பதையும் செயலி ஒன்றாகச் சேர்த்தது. 'உ.வே. சாமிநாதையர்' என்பதைச் சேர்க்கவில்லை. பார்த்தவர்கள் செயலி கெட்டுவிட்டது என்றார்கள். முதல் முறையான 'ஃபிங்கர்பிரின்ட்' என்ன செய்கிறது என்று தெரிந்தால் வியப்பு இல்லை. நிறுத்தக்குறிகளை எடுத்துவிடும், இடைவெளி இருக்கும் இடங்களில் சொற்களாகப் பிரிக்கும், அவற்றை அகரவரிசையில் அடுக்கும், கிடைக்கும் எழுத்துத் தொடர்களை ஒப்பிடும். புள்ளிக்குப் பின் இடைவெளி விடாததால் 'உவே' ஒரே சொல்லாகிவிட்டது. இடைவெளியையே கருதாத 'என்-கிராம்' முறைக்கு மாறினால் அது சேர்ந்துவிடும். 'ஐயர்', 'அய்யர்' என்ற வேறுபாட்டுக்கு எழுத்து வித்தியாசத்தை அளக்கும் 'லெவன்ஷ்டைன்' முறை வேண்டும். இதை அரைப் பக்கத்தில், அவர்கள் பட்டியலிலிருந்தே எடுத்த பெயர்களோடு விளக்கினேன். ஒலியை வைத்துச் சேர்க்கும் முறைகளில் 'மெட்டாஃபோன்' ஆங்கில உச்சரிப்புக்கும் 'கொலோன்' ஜெர்மனுக்கும் உருவானவை, தமிழ்ப் பெயர்களுக்கு அவற்றைத் தொட வேண்டாம் என்று ஒரு வரி.

எங்கே செயலியின் வேலை முடிந்து மனிதரின் வேலை தொடங்குகிறது என்பதையும் எழுத வேண்டியிருந்தது. தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்து ஒன்று மாறினால் ஆளே வேறு. எழுத்து வித்தியாசம் ஒன்றுதான் என்று செயலி இருவரைச் சேர்த்துக் காட்டும். அந்த அம்மா அப்படி ஒரு தொகுப்பைப் பார்த்துவிட்டு, "இவர் சித்த மருத்துவம் எழுதியவர், அவர் இலக்கணம் எழுதியவர்" என்று நொடியில் பிரித்தார். அதனால் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுக்கும் பொத்தானைப் பற்றிக் கையேட்டில் வேண்டுமென்றே எழுதவில்லை. இருக்கும் வசதி அனைத்தையும் சொல்லியாக வேண்டும் என்பது ஒரு பார்வை நூலின் கடமை. வழிகாட்டும் கையேட்டுக்கு அந்தக் கடமை இல்லை.

இன்னொரு புதிர் நான் முன்பின் அறியாதது. ஃபேசட்டில் ஒரே பெயர் இரண்டு முறை வந்தது. எழுத்துக்கு எழுத்து அதே. இடைவெளியும் இல்லை. எழுத்துகளுக்குக் கணினி வைத்திருக்கும் எண்களைக் காட்டும் 'யூனிகோட்' என்ற செயற்பாட்டைக் கொடுத்துப் பார்த்தபோது தெரிந்தது: ஒன்றில் 'கொ' என்பது 2965, 3018 என்று இரண்டு குறியீடுகள். மற்றொன்றில் 2965, 3014, 3006 என்று மூன்று. ஒருவர் ஒகரக் குறியை ஒன்றாகத் தட்டியிருக்கிறார், மற்றவரின் விசைப்பலகை ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே போட்டிருக்கிறது. திரையில் இரண்டும் ஒன்றே. ஆங்கிலக் கையேடு எதையாவது மொழிபெயர்த்து முடித்திருந்தால் இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்காது. ஒரு மொழியில் கையேடு எழுதுவதென்றால் அந்த மொழியின் தரவில் வரும் சிக்கலையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

பயிற்சிக்கென்று நாற்பது வரியில் ஒரு மாதிரிக் கோப்பு செய்தேன். உண்மைப் பட்டியலில் கண்ட ஒவ்வொரு அழுக்கும் அதில் ஒருமுறையாவது வரும்: முன்னால் இடைவெளி, கலம் மாறிய விலை, 03/04/2015 போல நாளா மாதமா என்று தெரியாத தேதி. 044 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணும் ஒன்று உண்டு. கோப்பைத் திறக்கும்போது எண்களாக மாற்றும் தேர்வைக் குறியிட்டுவிட்டால் முன்னால் இருக்கும் சுழியம் காணாமல் போகும். சேர்க்கை எண் 000345-க்கும் அதே கதி. திரைப் படங்களை எல்லாம் இந்த மாதிரிக் கோப்பை வைத்தே எடுத்தேன். முதல் பதிப்பின் ஒரு படத்தில் நன்கொடையாளர் ஒருவரின் முகவரி அச்சாகிவிட இருந்தது, கடைசி நேரத்தில் கவனித்தேன்.

ஒரு வாக்குறுதியை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. "எப்போது வேண்டுமானாலும் பின்னால் போகலாம்" என்று எழுதியிருந்தேன். செய்த மாற்றங்களெல்லாம் வரலாறாக இடப்பக்கம் இருக்கும், செயலியை மூடித் திறந்தாலும் இருக்கும், எந்தப் படிக்கும் திரும்பலாம். ஆனால் பத்தாம் படியிலிருந்து நான்காம் படிக்குப் போய் அங்கே புதிதாக ஏதாவது செய்துவிட்டால், ஐந்து முதல் பத்து வரை மறைந்துவிடும். பின்னால் போய்ப் பார்ப்பது வேறு, பின்னால் போய் வேலை செய்வது வேறு. ஊழியர் ஒருவர் ஒரு மதிய வேலையை இழந்த பிறகே இந்த வரி சேர்ந்தது. பயத்தைப் போக்கும் ஆர்வத்தில் பாதுகாப்பை மிகைப்படுத்திவிட்டேன். இப்போது அங்கே, பின்னால் போகும் முன் திட்டத்தை, அதாவது தரவையும் மாற்றங்களின் வரலாற்றையும் சேர்த்து, முழுதாக ஏற்றுமதி செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளும் முறை இருக்கிறது.

கையேடு இப்போது 22 பக்கம். அச்செடுத்து, சுருள் கம்பி போட்டு, மூன்று கணினிகளின் பக்கத்திலும் ஒவ்வொன்று வைத்திருக்கிறார்கள். வலப்பக்க ஓரத்தை அகலமாக விட்டிருந்தேன், எழுதிக்கொள்வதற்காக. ஆறு மாதம் கழித்துப் போனபோது அந்த அம்மாவின் பிரதியை வாங்கிப் பார்த்தேன். செயலியின் புதிய பதிப்பில் இடம் மாறிய ஒரு பொத்தானைப் படத்தின் மேலேயே பேனாவால் வட்டமிட்டுத் திருத்தியிருந்தார். முதல் பக்கத்தில், கறுப்புச் சாளரம் பற்றிய பத்திக்கு நேராக, "மின்சாரம் போனால்: யு.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும், பதறாமல் கன்ட்ரோல் சி" என்று எழுதியிருந்தார். மின்வெட்டைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. அடுத்த பதிப்புக்காக அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

"புதியது வந்த பிறகு எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. நாளைக்கு இது எனக்கு வேண்டும்" என்றார். ஓரக்குறிப்புகள் இருந்த பக்கங்களை அங்கேயே உட்கார்ந்து கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டேன்.